வத்தையும் வரிச்சும்: டிராயிங் மாஸ்டர் பதில்கள்

பாம்பனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பதில் சொல்லும் பகுதி. "கற்பனை எங்கிருந்து வருகிறது?" என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சில இங்கே.

என் மகளுக்கு ஆறு வயது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கற்களைப் பற்றிப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். "கடல் ஓடிப்போகாம இருக்க, ஆட்டுக்கு அடிக்கிற மாதிரி முளை அடிச்சிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று நிற்க வைத்துவிட்டார்கள். கற்பனைக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் சார்?
*இல்லத்தரசி, தேவிபட்டினம்*

முதலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக் கொடுங்கள் தாயி. செலவு என் கணக்கு.

பொய் சொல்கிறவனுக்கு நாம் நம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் பிழைப்பு ஓடாது. உங்கள் மகளுக்கு அந்தக் கவலை கிடையாது. அவள் ஆட்டைப் பார்த்திருக்கிறாள். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் ஆடு மேயும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். கடல் வற்றுவதையும் ஏறுவதையும், ஒரு எல்லையைத் தொட்டுத் திரும்புவதையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னதில் பாதி சரி. கடலைக் கட்டித்தான் வைத்திருக்கிறது. முளை மட்டும் தேவிபட்டினத்தில் இல்லை, நிலாவில் இருக்கிறது. நிலாவின் இழுப்புதான் கடலை ஏற்றி இறக்குகிறது என்று நியூட்டன் 1687-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்னால் கெப்ளர் அதையே சொன்னபோது, "இவ்வளவு பெரிய அறிவாளி இந்த மாதிரி மாயமந்திரத்தை நம்புகிறாரே" என்ற தோரணையில் எழுதியவர் சாட்சாத் கலிலியோ. ஆகவே வகுப்பில் நிற்க வைத்த டீச்சரையும் ரொம்பக் கோபிக்க வேண்டாம்.

நம் கடற்கரையில் இந்த விளையாட்டு பழசு. அகநானூற்றில் 70-ஆவது பாட்டு, கடுவன் மள்ளனார் பாடியது. ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊரே வம்பளக்கிறது. கல்யாணம் என்று ஆனதும் கப்சிப். அந்தக் கப்சிப்பை எப்படிச் சொல்வது? பாண்டியரின் பழைய 'கோடி' என்கிற கடற்கரை, நம்ம தனுஷ்கோடிதான் அது என்பார்கள். அங்கே ஒரு ஆலமரம், மரம் நிறையப் பறவைகள். அதன் அடியில் ராமன் ரகசிய ஆலோசனை நடத்த வேண்டும். அவன் கையமர்த்தியதும் மரமே வாயை மூடிக்கொண்டதாம். அப்படி அடங்கிவிட்டது ஊர் வாய் என்கிறார் புலவர். காகக் கூட்டம் அடைகிற மரத்தடியில் ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்து பழகிய ஆளுக்குத்தான் இது தோன்றும்.

கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால் என்று என் மகன் எழுதினான். பள்ளியில் மதிப்பெண்ணும் போட்டார்கள். நீங்கள் ஒரு கூட்டத்தில் அது தப்பு என்று பேசினீர்களாமே? டிராயிங் மாஸ்டருக்கு இதில் என்ன வேலை?
*கடைக்காரர், உச்சிப்புளி*

நிறம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் வேலைதான் அண்ணாச்சி.

சாயங்காலம் நாலு மணிக்குப் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறி நில்லுங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்போம். (பெண் கடல் சாது என்பது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்துப் பேச்சு. வாடை அடிக்கிற மாதங்களில் அவள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால், பெயர் வைத்தவர் ஆடி மாதத்தில் வந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று தெரியும்.) தலைக்கு மேலே இருப்பது ஒரே வானம். இரண்டு கடலும் ஒரே நிறமாகவா இருக்கிறது? ஒரு பக்கம் பாசிப்பச்சை கலந்து கலங்கல், இன்னொரு பக்கம் நீலம், பல நாள் அப்படித்தான். வானம்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? நாற்பது வருஷம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாட்டர் கலரில் போட்டுப் பார்த்தவன் நான். ஒரே நீல டப்பாவில் இரண்டையும் முடிக்க முடிந்ததில்லை.

இதைச் சரியாகக் கேட்டவர் சி.வி.ராமன். ஆழ்கடலின் நீலம் தண்ணீருடையதே அல்ல, வானத்தின் நிழல்தான் என்று அன்றைக்குப் பெரிய பெயரான ராலே பிரபு சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு யார் மறுக்கப் போகிறார்கள்? ராமன் 1921-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குக் கப்பலில் போனார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்த கப்பல் பெயர் நர்குண்டா. தளத்தில் நின்றுகொண்டு சட்டைப் பையில் கிடந்த சின்னப் பட்டகத்தை எடுத்தார், நிக்கோல் பட்டகம் என்பார்கள். குறிப்பிட்ட சாய்வில் அதைத் திருப்பிப் பிடித்தால் தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும் அடைபட்டுவிடும். வானத்தின் நிழல்தான் நீலம் என்றால் அப்போது நீலம் போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை. இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது.

தண்ணீர் தன் வழியே போகிற வெளிச்சத்தில் சிவப்பைக் குடித்துவிடுகிறது, நீலத்தைச் சிதறடிக்கிறது. ஆழமும் தெளிவும் இருந்தால் நீலம் கூடும்; வண்டலும் நுண்பாசியும் சேர்ந்தால் பச்சைக்குத் திரும்பும். ராமன் சிதறலைப் பிடித்துக்கொண்டார். அதைத் துரத்திக்கொண்டே போய் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். 1930-இல் நோபல் பரிசு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அதே மனிதர் அந்தக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே மிருதங்கத்தைக் குடைந்தவர். சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் அதன் உப ஒலிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது, அதனால் வெறும் 'தொம்'. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக அப்பியிருக்கிறார்களே கரணை, சிலர் சோறு என்பார்கள், அந்தக் கனம்தான் உப ஒலிகளை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசைக்குக் கொண்டுவந்து சுருதி சேர்க்கிறது. 1920-இல் இதை அவர் எழுதினார். கணக்குதான் ராமனுடையது. கரணையைக் கண்டுபிடித்தவர், காதை வைத்துக்கொண்டு விடிய விடியப் பசையைத் தேய்த்த யாரோ ஒரு தோல் வேலைக்காரர். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மகனுக்குக் கொடுத்த மார்க்கை வெட்டச் சொல்லாதீர்கள். பாலத்துக்கு மட்டும் கூட்டிப் போங்கள்.

கடற்கன்னி உண்டா?
*ஏழாம் வகுப்பு மாணவன், தங்கச்சிமடம்*

ஆவுலியா உண்டு, தம்பி. கடல் பசு என்று பாடப் புத்தகத்தில் வரும். கடல் புல்லை மேய்கிற சாதுவான பிராணி. குட்டிக்குப் பால் கொடுக்கும். இதன் இனத்தைத் தூரத்தில் பார்த்த மாலுமிகள்தான் கடற்கன்னிக் கதையை வளர்த்தார்கள் என்பார்கள். 1493-இல் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகக் குறித்து வைத்தார். கூடவே, படத்தில் போடுகிற அளவுக்கு அழகில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது அந்தப் பக்கத்துக் கடல் பசு. ஆவுலியாவின் மூஞ்சியைப் பக்கத்தில் பார்த்தவன் என்பதால் அவருடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. பல மாதம் கடலிலேயே கிடந்தவன் கண்ணுக்கு அது கன்னியாகத் தெரிந்திருக்கிறது, பாவம். பாக் விரிகுடாவில் ஆவுலியாவுக்கென்று 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறது. நீ பெரியவனாகும்போது ஒன்றைப் பார்த்தால் எனக்கு எழுது, அழகைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

பதினைந்து வருஷமாகப் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறேன் மாஸ்டர். எட்டாவது வரைதான் படித்தேன். கற்பனை, கலை இதெல்லாம் படித்தவங்க சமாச்சாரம் என்று என் மகன் சொல்றான். நெசமா?
*பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம்*

தங்கச்சி, விரலுக்குத் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் மூழ்குகிற இடத்தில் உங்கள் மகன் அரை நிமிஷம் இருந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

நீங்கள் எடுக்கிற பாசியின் பேரைச் சொல்லுங்கள். மரிக்கொழுந்து. மண்டபத்தில் இருக்கிற மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் ஜெலிடியெல்லா அசிரோசா என்பார்கள். அதுவும் நல்ல பேர்தான். ஆனால் கடலுக்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறையில் ஒட்டிக்கிடக்கிற ஒரு புதரைப் பார்த்து, மதுரை பூ மார்க்கெட்டில் கதம்பத்துக்கு நடுவில் வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்து ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தது பாருங்கள். வாசனையே இல்லாத செடிக்கு வாசனைச் செடியின் பேர். கோரைப்புல்லைப் பார்த்த கண் இன்னொரு பாசியைக் கட்டக்கோரை என்றது. இன்னொன்றுக்குப் பக்கோடா பாசி. அதை வைத்தவள் அன்றைக்குப் பசியோடு இறங்கியிருப்பாள். இந்தப் பேர்களெல்லாம் உவமைதான். உவமையைப் புலவர்கள் ஓலையில் எழுதினார்கள், நீங்கள் பாசி மூட்டையில் ஏற்றி அனுப்பினீர்கள்.

மரிக்கொழுந்து கரையேறிய பிறகு என்ன ஆகிறது என்பது இன்னும் நல்ல கதை. அதைக் காய்ச்சி அகர் எடுப்பார்கள். கீழக்கரையில் நோன்பு திறக்கிற நேரம் தட்டில் ஆடுகிற கடல்பாசி இருக்கிறதே, பாலும் சீனியும் ரோஸ் கலரும் சேர்த்தது, அதற்கு உயிர் அகர்தான். இனி 1881-க்குப் போவோம். பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடம். கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்க ஒரு தளம் வேண்டும். ஜெலட்டினை ஊற்றி உறைய வைத்துப் பார்த்தார்கள். வெயில் ஏறினால் உருகிவிடும். சில கிருமி ஜெலட்டினையே கரைத்துக் குடித்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. புருஷனுடைய ஆய்வுக்கு நுண்ணோக்கியில் தெரிகிறதைப் பார்த்துப் படம் போட்டுக் கொடுப்பவர் அந்த அம்மாதான். (எங்கள் சாதி!) "நீங்க செய்யிற ஜெல்லி மட்டும் இந்த வெயிலுக்கு எப்படி உருகாம நிக்குது?" என்ற பேச்சு வந்தது. ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் மூலம் தெரிந்துகொண்ட அகர்-அகர் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அகர் உடம்புச் சூட்டில் இளகாது. கொதிக்கிற பக்கம் போனால்தான் உருகும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. இன்றைக்கும் உங்களுக்குச் சீழ்ப் பரிசோதனை, சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை எதற்காவது ஆஸ்பத்திரியில் எடுத்தால் அது வளர்வது அகர் தட்டில்தான்.

காக் 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகரைச் சொன்னார். அந்த அம்மாவைச் சொல்லவில்லை. சமையற்கட்டில் பிறந்த யோசனைகளுக்கு ஊர் ஊராக இதே கதிதான்.

என் அனுபவத்தில் கற்பனை படிப்பைப் பார்த்து வருவதில்லை. கை நிறையப் பழகிய ஒரு பொருள் வேண்டும். ஜெல்லி கிண்டாதவருக்கு அந்த யோசனை வந்திருக்காது. உங்கள் மகனுக்கு என்ன பழக்கம்? செல்போன்தானே? அதையாவது பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மகள் பிளஸ் டூ. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் சேர்வேன் என்று பிடிவாதம். படம் வரைந்தால் சோறு போடுமா? எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரிதான், மழையை நம்பின பிழைப்பு.
*விவசாயி, முதுகுளத்தூர்*

எனக்குப் போட்டது. முப்பத்திரண்டு வருஷம் சம்பளம், இப்போது பென்ஷன். உங்கள் மகளுக்கும் அப்படியே போடும் என்று கையெழுத்து வைத்துத் தர மாட்டேன். ஓவிய ஆசிரியர் பணியிடங்கள் எப்போது நிரப்புவார்கள் என்பது மழையைவிட நம்பிக்கை குறைந்த விஷயம். ஆனால் துணி டிசைன், அனிமேஷன், புத்தக வடிவமைப்பு என்று என் காலத்தில் இல்லாத வாசல்கள் இப்போது உண்டு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியபோதே கைத்தொழிலையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கும்பகோணமும் அரசுக் கல்லூரி, கட்டணம் கழுத்தை நெரிக்காது. நேரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோறு ஒரு பக்கம் இருக்கட்டும். படம் வரைகிற பிள்ளைக்கு ஒரு லாபம் நிச்சயம், அதைச் சொல்கிறேன். கண் திறக்கும்.

1609-ஆம் வருஷம் கோடையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்பவர் தொலைநோக்கியை நிலாவுக்குத் திருப்பினார். பெரிய கணக்குப் புலி. பார்த்ததைப் படமும் போட்டார். அந்தப் படத்தில் வெளிச்சப் பாதிக்கும் இருட்டுப் பாதிக்கும் நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு இருக்கிறது. அது ஏன் கோணல் என்று அவருக்குத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து இத்தாலியில் கலிலியோ அதே நிலாவைப் பார்த்தார். அவருக்கு ஓவியப் பழக்கம் உண்டு, வெளிச்சமும் நிழலும் தெரிந்த கை. இருட்டுப் பாதிக்குள் தனியாக மினுக்குகிற சின்னப் புள்ளிகளைக் கவனித்தார். நேரமாக ஆக அவை பெரிசாகி வெளிச்சத்தோடு ஒட்டிக்கொண்டன.

உங்களுக்கு இது புதுசில்லை. விடியற்காலையில் காட்டுக்குப் போகிறவர்தானே? தரையெல்லாம் இருட்டாக இருக்கும்போது பனைமரத்தின் மண்டையில் மட்டும் வெயில் பட்டுத் தங்கமாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது உடம்பு வழியாக இறங்கி அடிவரை வரும். கலிலியோ பார்த்ததும் அதுதான்: மலை உச்சியில் முதல் வெயில். ஆக, நிலா வழுவழுப்பான உருண்டை இல்லை, மேடும் பள்ளமும் உண்டு. 1610-இல் புத்தகமாகப் போட்டார். அதைப் படித்த பிறகு ஹாரியட் வரைந்த நிலாவில் பள்ளங்கள் தெரிய ஆரம்பித்தன! புத்தகத்துக்கு முன்னாலும் அதே கண்தான், பின்னாலும் அதே கண்தான்.

நர்சிங் சேர்த்தாலும் சரி, மகள் கையில் இருக்கிற பென்சிலைப் பிடுங்காதீர்கள். நோயாளியின் முகத்தில் மாறுகிற நிறத்தை முதலில் கவனிப்பதும் வரைந்து பழகிய கண்தான்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வர்ணிக்கும்போது மழை, ஆற்று வெள்ளம், நெல் வயல், நாற்று நடும் பெண்கள் என்று பாடுகிறார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். இது பிழை இல்லையா?
*தமிழ் இளங்கலை மாணவி, கீழக்கரை*

மகளே, சிரிப்பதற்கு முன் உங்கள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வா. அந்தப் புலவரைப் பாடச் சொன்ன சீதக்காதி வள்ளல் உங்கள் ஊர்க்காரர். செத்தும் கொடுத்தார் என்று பெயர் வாங்கியவர்.

கம்பனைத் திற. அவன் பாடுகிற சரயு நதியில் ஓடுவது காவிரித் தண்ணீர். கோசலத்து வயலில் நிற்பது சோழ நாட்டு நெல். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடும்போதும் தமிழ்நாட்டு வயலைத்தான் விரித்தார். அவருக்குமா புவியியல் தெரியாது? ஒரு நாடு செழிப்பான நாடு என்று தமிழ்க் காதுக்குச் சொல்ல வேண்டுமானால் மழையில் ஆரம்பித்து ஆறு, வயல் என்று வர வேண்டும்; அது காப்பியத்தின் வாசற்படி. உமறு அந்த வாசல் வழியாக நபிகளின் வரலாற்றை நம் வீட்டுக்குள் கூட்டிவந்தார். 5027 பாட்டு. பேரீச்சையும் மணலுமாக மட்டும் பாடியிருந்தால் அது தூர தேசத்துச் செய்தியாகவே நின்றிருக்கும்.

உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிக்குப் பக்கத்தில் போய் அந்தக் கல்தூண்களைக் கவனி. கோயில் மண்டபத்துத் தூணைச் செதுக்கிப் பழகிய கை அது. உருவம் மட்டும் இல்லை. பூவும் கொடியும் உண்டு. சிற்பியிடம் "எங்களுக்கு உருவம் கூடாது" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவர் உளியை மாற்றாமல் யோசனையை மாற்றியிருக்கிறார். இதே மாதிரி ராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துச் சுவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம். சேதுபதி, தஞ்சை மராட்டியரோடு சண்டை, தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், ராமாயணம் எல்லாம் ஒரே தூரிகையில். வெள்ளைக்காரனின் கண்ணும் நம்ம ஊர்க் கண்ணாகத்தான் இருக்கும், நீளமாக, மை தீட்டின மாதிரி. அதைப் பிழை என்று சொன்ன ஒரு சுற்றுலாப் பயணியோடு நான் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். ஜெயித்தேனா என்று கேட்காதே.

கம்ப்யூட்டரே படம் போடுகிறதே, இனி டிராயிங் மாஸ்டர் எதுக்கு?
*இளைஞர், பரமக்குடி*

போன வாரம் என் பேத்தி செல்போனில் கேட்டாள், "பாம்பனில் ஒரு வத்தை" என்று. வத்தை என்றால் எங்கள் பக்கத்து நாட்டுப் படகு. பத்தே செகண்டில் அழகான படம் வந்தது. தென்னந்தோப்பு, கேரளத்துப் படகு வீடு, பின்னால் யாரோ ஊர்த் தொங்குபாலம். இந்த ஊரில் எந்தப் பாலமும் தொங்கியதில்லை. 1914-இல் வந்த பழைய ரயில் பாலம் கப்பலுக்காக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தது. 2025-இல் திறந்த புதுப் பாலம் நடுத்துண்டை அப்படியே மேலே உயர்த்தும். தவறைச் சொன்னதும் அது பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் தொங்குபாலத்தையே போட்டது. என்னிடம் படித்த பயல்களிலும் இப்படிச் சிலர் உண்டு. அதனால் அதை வெறுக்கவில்லை.

உங்கள் அப்பா காகிதத்தில் ஒரு கோடு போடாமல் படகு கட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள். அளவு இல்லாமல் எப்படி?
*பொறியியல் மாணவர், மண்டபம்*

அளவு இருந்தது, காகிதத்தில் இல்லை. எங்கப்பா ஓடாவி, படகு கட்டுகிற தச்சர். முழக்கோலும் கயிறும் கையுமாகக் கடற்கரையில் ஏராவை, அதாவது படகின் அடிமரத்தை, நிறுத்துவார். அணியம் என்கிற முன்முனை எவ்வளவு ஏற வேண்டும், வயிறு எங்கே அகல வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள். வங்குக்கு, அதாவது படகின் விலா எலும்பு மாதிரியான வளைந்த சட்டத்துக்கு, கருவேல மரம் பார்க்கப் போனால் வெட்டுவதற்கு முன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். நேரான மரம் அவருக்கு வேண்டாம். கிளை பிரிகிற இடத்தில் இயற்கையாக இருக்கிற வளைவில், இது மூணாவது வங்கு, இது அஞ்சாவது வங்கு என்று தடவிக் காட்டுவார். மரத்துக்குள்ளே படகு இருப்பது மாதிரியும் இவர் வெளியே எடுத்துவிடப் போகிற மாதிரியும் இருக்கும்.

1978. ஹையர் கிரேடு டிராயிங் பாஸ் பண்ணிவிட்டு வந்த திமிர் எனக்கு. பெரிய கார்ட்ரிட்ஜ் தாளில் ஒரு வத்தையை மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று பார்வையில், இந்தியன் இங்க்கில் வரைந்து அவர் முன்னால் விரித்தேன். நாலு மூலைக்கும் கல் வைத்தேன், காற்றுக்குப் பறக்கக் கூடாதென்று. பீடியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா இது கரையில நிக்கிற வத்தைடா. தண்ணி எங்க?"

எனக்கு விளங்கவில்லை. ஆள் நாலு, வலை, ஐஸ் எல்லாம் ஏறினால் எத்தனை விரல்கடை அமுங்கும்? கச்சானில் ஒரு பக்கம் சாயும்போது எந்தப் பலகை முதலில் அலையை வாங்கும்? திரும்பி வரும்போது மீன் எங்கே கிடக்கும்? இதெல்லாம் உன் படத்தில் இல்லையே என்றார். படகை அவர் தனியாக நினைத்ததே இல்லை. கடலோடு சேர்த்துத்தான் நினைத்தார்.

அந்தத் திமிர் அதோடு அடங்கியதா என்றால், இல்லை. அடுத்த வத்தைக்கு அணியத்தை நாலு விரல் உயர்த்தினால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நச்சரித்தேன். மகன் ஆசைக்கு இணங்கிவிட்டார். எடுப்பாகத்தான் இருந்தது. கடலில் இறக்கியதும் எதிர்க்காற்றில் தலை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. உயர்ந்த அணியம் காற்றைப் பிடிக்கிறது. படகுக்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட, அப்பா ஒரு வார்த்தை என்னைக் காட்டிக் கொடுக்காமல், தன் கணக்கில் அணியத்தை இறக்கிக் கொடுத்தார். அந்த நாலு விரல் மரத்துண்டு இன்னும் என் மேஜையில் தாள் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய முக்கியமான கருவி ஒரு மூங்கில் வரிச்சு. விரல் அகலம், ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு. அதை வங்குகளின் மேல் படிய வளைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்ப்பார். எங்காவது புடைத்தாலோ குழிந்தாலோ அந்த வங்கைச் செதுக்குவார். "வரிச்சு தனக்கு நோகாம வளையும். அந்த வளைவு தண்ணிக்கும் நோகாது" என்பார்.

பல வருஷம் கழித்து ஒரு கணக்கு வாத்தியார் நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. மேல்நாட்டுக் கப்பல் பட்டறைகளிலும் வரைபடக்காரர்கள் இதே மாதிரி மெல்லிய சட்டத்தைத்தான் வளைத்து, நகராமல் இருக்க ஈயக் குண்டுகளை வைப்பார்களாம். சட்டத்தின் பெயர் ஸ்ப்ளைன். குண்டுகளின் பெயர் வாத்து! வாத்தின் மூக்கு மாதிரி ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்குமாம். மெல்லிய சட்டம் தன் பாட்டுக்கு எடுக்கிற வளைவு, குறைந்த சிரமத்தில் வளைகிற வளைவு. அதைச் சமன்பாட்டில் பிடித்து, அந்தச் சட்டத்தின் பெயரையே கணக்குக்கும் வைத்தவர் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர், 1946-இல். பிறகு பிரான்சில் இரண்டு கார் கம்பெனிகளில், சித்ரோவனில் தெ காஸ்தல்ஜோ, ரெனோவில் பெசியே, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் காரின் உடம்பு வளைவுக்கு அதே குடும்பத்துக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அது கம்ப்யூட்டருக்கு வந்தது, கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துருவுக்கு. நீங்கள் இப்போது படிக்கிற இந்த 'ழ' இருக்கிறதே, இதன் வயிறும் வாலும் அந்த வளைவுக் கணக்கில் வரைந்ததுதான். நாலைந்து புள்ளி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிச்சு.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை அவரிடம் சொல்ல எனக்குக் காலம் இல்லாமல் போய்விட்டது. சொல்லியிருந்தால், "இதுக்கு அம்புட்டுப் படிக்கணுமா?" என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். வரிச்சு வீட்டு இறவாரத்தில் செருகிக் கிடக்கிறது. மண்டபம் பக்கம்தானே, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எடுத்து வளைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது, அழுத்தாமல் பிடிக்க வேண்டும்.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதுகிறீர்கள். சுருக்கமாகச் சொல்லத் தெரியாதா?
*நீண்ட நாள் வாசகர், திருவாடானை*

தெரியாது.